இருபதாவது வாரத்துச் சிக்கு

வெர்னெட்டாவைப் பற்றிச் சொல்வதென்றால் என் தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுக்கு இதைவிடக் கௌரவமான தொடக்கம் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் அவளைப் பற்றி என்னிடம் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்த குறைகள்தான்.

அவள் என் முன்னாள் கணவன் லமாரின் இரண்டாவது மனைவி. மேக்கன் நகரில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலை. நல்ல உயரம், குறைந்த பேச்சு, கைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய். லமாரும் நானும் பிரிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவன் அவளைப் பார்த்ததே. ஆகவே அவள்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடையாது. காரணத்தோடு வரும் கோபத்தைப் பேசித் தீர்க்கலாம், இதை என்ன செய்வது? அப்படியே வைத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் நைலாவுக்கு அப்போது எட்டு வயது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போவாள், ஞாயிறு திரும்புவாள். போகும்போது தலை எப்படிப் போனாலும், வரும்போது நேர்வகிடு எடுத்து, சீராகப் பின்னி, எண்ணெய் மினுங்க வருவாள்.

"யாரு பின்னினது?"

"மிஸ் வெர்னெட்டா."

"வலிச்சுதா?"

"இல்லம்மா. நடுவுல தூங்கிட்டேன்."

என் கையில் அந்தப் பிள்ளை ஒரு நாளும் தூங்கியதில்லை. நான் சீப்பை எடுத்தாலே சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடுவாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முடி விஷயத்தில் கறுப்பினத்தவரான எங்கள் ஆட்களுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. கண்டவரைத் தலையில் கைவைக்க விட மாட்டோம். வாரும்போது உதிர்ந்த முடியைக் குப்பையில் போட மாட்டோம். பறவை தூக்கிப் போய்க் கூடு கட்டினால் தலைவலி வரும், ஆகாதவர் கையில் கிடைத்தால் அதைவிட மோசமானது வரும். அதனால் எரித்துவிடுவோம். இதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன், நான் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். சரி, எரிக்காமல் விடுவாயா என்று கேட்டால், அதுவும் மாட்டேன்.

ஆகவே நைலா இரண்டாவது முறை பின்னலோடு வந்த அன்று அவளிடம் சொன்னேன். "அடுத்த தடவ உதிர்ந்த முடியெல்லாம் ஒரு பையில போட்டு எங்கிட்ட வரணும். அம்மா கேட்டாங்கன்னு சொல்லு."

பிள்ளைக்கு அதன் அர்த்தம் தெரியாது. வெர்னெட்டாவுக்குத் தெரியும். உன் கையில் என் மகளின் முடி இருப்பதை நான் நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம். தெரிந்தேதான் சொல்லி அனுப்பினேன், சண்டைக்கு வருவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். சண்டை வரவில்லை, பை வந்தது. ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பை, உள்ளே டிஷ்யூ காகிதத்தில் ஒழுங்காக மடித்து வைத்த முடி. ஒன்றரை வருடம் இப்படி வந்தது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இப்போது என் தலைக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து நான் ரிலாக்ஸர் போடுகிறவள். சுருள்முடியை நேராக்குகிற களிம்பு அது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை, தப்பாமல். என் முடி தோளைத் தாண்டியதே இல்லை, தாண்டப் பார்க்கும்போதெல்லாம் நுனி உடைந்து திரும்ப வந்துவிடும். நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டரில் எங்கள் பெண்கள் முடிக்கதை பேசும் ஒரு தளத்தைப் படிப்பேன். அங்கேதான் தெரிந்தது, களிம்பை எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ முடி அவ்வளவு பிழைக்கும் என்று. ஆறு வாரத்தைப் பன்னிரண்டாக்கினேன். பிறகு இருபது என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். 2009 கோடையில், முப்பத்தொன்பதாவது வயதில், என் முடி முதல் முறையாக முதுகில் உள்ளாடைப் பட்டையைத் தொட்டது. அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கே பிடித்துக்கொண்டது.

தள்ளிப் போடுவது சும்மா இல்லை. ஒவ்வொரு இழையிலும் இரண்டு முடி இருக்கும். வேர்ப்பக்கம் இரண்டரை அங்குலத்துக்குப் பிறந்தபடியே சுருண்ட புது முடி, அதற்குக் கீழே பழைய நேர்முடி. இரண்டும் சேரும் மூட்டு இருக்கிறதே, அதுதான் எமன். அவசரப்பட்டு ஒரு இழுப்பு இழுத்தால் அங்கேதான் அறும். முதல் பத்து வாரம் விரலாலேயே சிக்கெடுத்தேன். அடுத்த பத்து வாரத்துக்குச் சவுரி சேர்த்துச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டு மூடிவிட்டேன்.

இருபதாவது வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்னல்களைப் பிரித்தேன். மறுநாளைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நைலாவுக்கு ஞானஸ்நானம். லமார் குடும்பம், என் குடும்பம், சபை மொத்தமும் இருக்கும். வெள்ளை உடை தேய்க்க வேண்டும், கேக் வாங்க வேண்டும், என் தலையைக் கழுவிச் சுருட்டி வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேராகக் குளியலறைக்குப் போய், ஷாம்பூவைக் கொட்டி, முடி முழுவதையும் உச்சிக்கு வாரிப் போட்டு, பரபரவென்று தேய்த்தேன்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். பத்து வாரமாக உதிர்ந்த முடி கீழே விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே தங்கியிருக்கும். காய்ந்த தலையிலேயே அதை முதலில் வாரி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். எனக்கும் இது தெரியும். ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். அன்று மட்டும் எங்கே போனது அந்தப் புத்தி?

ஐந்து நிமிடம் தேய்த்த பிறகு விரல் உள்ளே போகவில்லை. தலை முழுவதும் ஒரே சடையாக இறுகிவிட்டது. தொட்டால் கம்பளித் தொப்பியைத் தொட்டது மாதிரி இருந்தது. அகலப்பல் சீப்பை விட்டு இழுத்தேன், சீப்புக்கு மூன்று பல் போனது, எனக்குத் தோல் கீறிக்கொண்டது. சலூன் நடத்தும் மிஸ் பெர்லுக்கு போன் செய்தேன். அவளுக்குச் சனிக்கிழமை மூச்சுவிட நேரமில்லை. "வெட்டிடு கண்ணு, முடிதானே" என்று வைத்துவிட்டாள். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த ரிலாக்ஸர் பெட்டியை எடுத்து, கையுறை மாட்டி, களிம்பைத் திறந்தேன். நேராக்கினால் சிக்கு தானாக விட்டுவிடும் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு.

அப்போதுதான் அழைப்புமணி அடித்தது. அது அப்பா வீட்டு வாரம், ஞானஸ்நானத்துக்காக நைலாவை ஒரு நாள் முன்னதாகவே கூட்டிக்கொண்டு வெர்னெட்டா வந்திருந்தாள்.

வழக்கமாக அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிடுவாள். நான் உள்ளே வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றும் அங்கேயே நின்றாள். ஆனால் மூக்கு வேலை செய்தது, அவளுக்கு அந்தக் களிம்பின் நெடி எட்டிவிட்டது.

"அம்மா, தலைக்கு என்னாச்சு?" என்றாள் நைலா.

"ஒண்ணுமில்ல, உள்ள போ."

வெர்னெட்டா என் கையுறையைப் பார்த்தாள், பிறகு நெற்றியைப் பார்த்தாள். "மிஸ் யோலண்டா, நெத்தி ஓரத்துல கீறி ரத்தம் தெரியுது. இன்னிக்குக் களிம்பு பட்டா வெந்துடும்."

"தெரியும்."

"தெரிஞ்சா போடப் போறீங்க?"

"அப்ப கத்தரிக்கோல்தான். நாளைக்கு நான் இந்தத் தலையோட சபைக்கு வர முடியாதே."

அவள் கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்டை எடுத்து நிதானமாகப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "எத்தன வாரம்?"

"இருபது."

"ஆண்டவரே! இருபது வாரம் காப்பாத்தினத ஒரு காலை நேரத்துல வெட்டுவாங்களா? உக்காருங்க, நான் எடுத்துவிடுறேன்."

"நீங்களா?"

"ஏன், வேற யாராவது வர்றாங்களா?"

யாரும் வரவில்லை. அக்காவுக்கு அட்லாண்டாவில் வேலை, சிநேகிதிகள் எல்லாம் நாளைய விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றுகொண்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. மகளின் தலை முடியையே பையில் போட்டு வாங்கிக்கொண்டவள் நான். இவள் கையில் என் தலையைக் கொடுப்பதா? ஆனால் கண்ணாடியில் முதுகைத் தொட்ட அந்த முடி நினைவுக்கு வந்தது. "உள்ள வாங்க" என்றேன்.

சோபாவில் அவள் உட்கார்ந்தாள். கீழே குஷனைப் போட்டு அவள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நான் உட்கார்ந்தேன். எங்களில் தலை வாருவதென்றால் இப்படித்தான். ஆகாதவள் கால்நடுவே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், திரும்பி ஓடவும் முடியாது, முகத்தைச் சுளித்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலில் ஒரு புட்டி கண்டிஷனரைத் தலையில் காலி செய்தாள். சமையலறையிலிருந்து ஆலிவ் எண்ணெயை எடுத்து வரச் சொல்லி அதையும் ஊற்றினாள். பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, சூடான துண்டைச் சுற்றி அரைமணி நேரம் என்னை அப்படியே வைத்திருந்தாள். பிறகு காதோரத்திலிருந்து ஆரம்பித்தாள். சீப்பைத் தொடவே இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கொத்தைப் பிரிப்பாள், இரண்டு முடியும் சேரும் மூட்டை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள், இழுப்பு அங்கே போகாது. வலது கையால் நுனியிலிருந்து மேலே ஏறி, உதிர்ந்த முடியை ஒவ்வொன்றாகத் தேடி உருவுவாள். ஒரு கொத்து முடிய இருபது நிமிடம். வலிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க இத?" என்று கடைசியில் கேட்டுவிட்டேன்.

"ஃபோர்ட் வேலியில, எங்க ஊருல. நாங்க ஏழு பொண்ணுங்க. அம்மா பீச் பழம் பொட்டி போடுற இடத்துல வேல, சனிக்கிழமையும் போவாங்க. எனக்குக் கீழ இருந்த நாலு தலையும் எங்கிட்டதான். ஒருத்தி அழுதா நாலு பேரும் சேந்து அழுவாளுங்க. அதனால ஒருத்தியையும் அழ விடாம வார கத்துக்கிட்டேன், எம் பொழப்பு நடக்கணுமே."

"இப்ப நீங்க ஊசி போடுற பிள்ளைங்களும் அழாதாமே, நைலா சொன்னா."

"ஊசிக்கு அதுங்க பயப்படாது. சீப்புன்னா ஓடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஆனால் தலை அவள் கையில்தானே இருந்தது, குலுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் எப்போதும் விக் மாட்டியிருப்பாள், நான் அதைப் பகட்டு என்று நினைத்திருந்தேன். அன்றுதான் சொன்னாள். இருபத்திரண்டு வயதில், ஒருவனோடு நடனத்துக்குப் போகிற அவசரத்தில், சொறிந்த தலையில் களிம்பைப் போட்டுக்கொண்டாளாம். முன்நெற்றி ஓரத்தில் போன முடி போனதுதான்.

"அந்த ஆளு யாரு?"

"பேரே மறந்துபோச்சு. மண்ட மட்டும் ஞாபகம் வச்சிருக்கு."

இந்தத் தடவை சத்தமாகவே சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து லமார் வறுத்த மீன் சாண்ட்விச் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். பழைய மனைவி தரையில், புது மனைவி சோபாவில், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எந்தத் தப்பு வெளியே வந்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு சுற்று தேடியிருப்பான். பொட்டலத்தை மேசையில் வைத்து, "நான் போய் கேக் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று நைலாவை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாண்ட்விச் சாப்பிடக் கையை நீட்டியபோதுதான் என் மடியைப் பார்த்தேன். ஒரு காகிதத் துண்டை விரித்து வைத்திருந்தாள். உருவிய முடியை ஒவ்வொரு தடவையும் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அதில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலேயே சோபா காலியாக இருந்தது. அங்கே வைப்பதுதான் சுலபம். மூன்று மணி நேரமாக, நூறு தடவைக்கு மேல், கையை நீட்டி நீட்டி என் கண்ணெதிரில் வைத்திருக்கிறாள். ஒரு முடிகூடத் தன் பக்கம் போகவில்லை என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

எனக்குக் காது சுட்டது. சாண்ட்விச்சைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"வெர்னெட்டா, அந்தப் பை..." என்று ஆரம்பித்தேன்.

"அசையாத, மூட்டு என் கையில இருக்கு."

அவள் முதல் முறையாக என்னை 'நீ' என்றது அப்போதுதான்.

"ஒன்றர வருஷமா கேட்டு வாங்கினேனே. உனக்குக் கோபமே வரலயா?"

"வராம? மொதல் தடவ அந்தப் பைய உன் மொகத்துல எறியணும்னு இருந்துச்சு. ராத்திரி முழுக்க லமார்கிட்ட கத்தினேன், பாவம் அந்த மனுஷன். அப்புறம் யோசிச்சேன். பிள்ளைய ரெண்டு நாளைக்கு இன்னொருத்தி கையில விட்டுட்டு இருக்கா. அவளுக்குக் கேக்கன்னு வேற என்ன இருக்கு? முடியத்தான் கேக்க முடியும். சரி, அதயாவது முழுசா குடுப்போம்னு நெனச்சேன்." அடுத்த கொத்தைப் பிரித்தாள். "ஒரு தடவ தெரியாம அந்த முடி மேல வாக்குவம் மெஷின் போட்டுட்டேன். மெஷின் பையக் கிழிச்சு தூசிக்குள்ள தேடி எடுத்தேன், தெரியுமா? தும்மல் ரெண்டு நாளைக்கு நிக்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். முகம் பார்க்காமல், அவள் முழங்கால்களுக்கு நடுவே, மடியில் என் முடியை வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் ஒரு பெப்பர்மின்டை என் தோளுக்கு மேலாக நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் அவள் கையில் என் தலை இருந்திருக்கிறது. இருபத்துநாலாவது வாரம் களிம்பைப் போட்டுவிட்டதும் அவள்தான், பிற்பாடு களிம்பே வேண்டாம் என்று நான் விட்டபோது கூட இருந்ததும் அவள்தான். இப்போது நைலா கல்லூரியில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தால் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே அலைகிறாள். கிளினிக்கில் வெர்னெட்டாவுக்குத் தனி மரியாதை உண்டு, எந்த நர்சுக்கும் நரம்பு கிடைக்காத குழந்தையை அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவளை எனக்குக் கொடுத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன், லமாருக்கும் சொல்ல வேண்டும், அவனிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நாலு மணி சுமாருக்குப் பிடரிக்கு வந்தாள். அங்கேதான் சிக்கு கல் மாதிரி இருந்தது. எண்ணெய் விட்டாள், வால் சீப்பின் முனையால் மெதுவாகக் குத்திக் குத்தித் தளர்த்தினாள். அரைமணி நேரம் போனது. கை நின்றது.

"யோலண்டா, இது ஒரு எலந்தப்பழம் அளவு. நடுவுல விட மாட்டேங்குது. வெட்டலாம், இல்லன்னா இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம். பாத்தும் வராம போகலாம். உன் முடி, நீ சொல்லு."

"நீ என்ன நெனக்கிற?"

"பாக்கலாம்னு நெனக்கிறேன்."

"அப்ப பாரு. வெட்டணும்னு தோணினா வெட்டிடு. எங்கிட்ட கேக்காத."

ஒரு மணி நேரம் ஆகவில்லை, முக்கால் மணியில் அந்த முடிச்சு விட்டது. உள்ளே ஒரு விரல் அகல முடி மட்டும் மூட்டோடு அறுந்திருந்தது. அதைக் காட்டி, "இது ஒண்ண என்னால காப்பாத்த முடியல" என்று வருத்தப்பட்டாள். நான் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றேன். மீதி முழுவதும் முதுகில் கிடந்தது. ஈரமாக, எண்ணெய் வழிய, உள்ளாடைப் பட்டையைத் தொட்டுக்கொண்டு. இதற்கு முன் நன்றி என்ற வார்த்தையை எத்தனையோ பேரிடம் சும்மா சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவளிடம் சொல்லத் திரும்பினால், அவள் குனிந்து காகிதத் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். பத்து வாரத்து முடி, ஆரஞ்சுப் பழம் அளவு உருண்டை. தரையில் விழுந்திருந்த இரண்டு இழைகளையும் விரல்நுனியால் எடுத்துச் சேர்த்தாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே அந்த ஜிப் பைகள் ஒரு கட்டு இருந்தன, மிட்டாய்க்குப் பக்கத்தில். ஒன்றை உருவி, முடியை உள்ளே வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி என்னிடம் நீட்டினாள்.

"எல்லாம் இருக்கு. எண்ணிக்கோ" என்றாள். கேலிதான். ஆனாலும் கை நீட்டியபடியே இருந்தது.

நான் வாங்கவில்லை. அடுப்பு மேடையிலிருந்து தீப்பெட்டியையும் பின்பக்கம் வைத்திருக்கும் பழைய காப்பித் தகரத்தையும் கொண்டு வந்து அவள் மடியில் வைத்தேன்.

"நீயே கொண்டுபோய் எரிச்சுடு. நான் நாளைக்குப் போடுற வெள்ள உடுப்பத் தேய்க்கணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தகரத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தனியாகப் போனாள். நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடு வைத்தேன். ஜன்னல் வழியாக முடி கருகும் நாற்றம் வந்தது. எட்டிப் பார்க்கவில்லை.